ஒரு சுழி குறைந்த விண்கலம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் நலம், நீயும் உடம்பளவிலாவது நலமாக இருப்பாய் என்று நம்பித்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மனசைப் பற்றி நான் கேட்கப் போவதில்லை, கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லி என் வாயை அடைத்துவிடுவாய். போனில் சொல்ல வேண்டியதை எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் ஆரம்பித்தாலே நீ ம், ம் என்கிறாய், மூன்றாவது ம்மில் எனக்கு இருந்த கொஞ்ச நஞ்ச தைரியமும் போய்விடுகிறது, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். நான்கு ஞாயிற்றுக்கிழமை இப்படியே போனது. கடிதம் என்றால் நீ பாதியில் மூடி வைத்தாலும் மேஜைமேல் கிடக்கும், கோபம் ஆறிய பிறகு மீதியைப் படிக்கலாம்.

முதலில் வீட்டுச் செய்தி. அப்பா இன்னும் லிஃப்ட் பழுது பார்க்கத்தான் போய்வருகிறார், ஊரையே மாடிக்கு ஏற்றி இறக்குகிற மனிதருக்கு நம் வீட்டு இரண்டு மாடி ஏறினால் முழங்கால் பிடித்துக்கொள்கிறது, டாக்டரிடம் போங்கள் என்றால் நான் மருந்துக் கடையில் வேலை பார்ப்பதே போதும் என்கிறார். எனக்குக் கண்ணாடி போட்டும் மாத்திரை அட்டையில் உள்ள சின்ன எழுத்து தெரியவில்லை, முதலாளியிடம் சொல்லவில்லை, நீயும் மாமாவிடம் சொல்லாதே, என் தம்பிக்கு வாயில் எதுவும் நிற்காது. குளியலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. சரி, சுற்றி வளைத்தது போதும். நீயே எழுதி நீயே அச்சடித்த மூன்று புத்தகங்களையும் அந்த விற்பனைத் தளத்திலிருந்து தூக்கிவிட்டார்களே, பொய்ப் பெயர்களில் உன்னை நீயே பாராட்டிக்கொண்டாய் என்று மெயில் அனுப்பினார்களே, பொறாமையில் யாரோ செய்த வேலை என்று நினைத்து உன் அலுவலகத் தோழியோடு பேச்சை நிறுத்திவிட்டாயே, அந்தப் பெண் பாவம், அவள் ஒன்றும் செய்யவில்லை. செய்தது நான். உன் அம்மாதான்.

எதற்கு இப்படி ஒரு புத்தி போனது என்று கேட்பாய். உன் புத்தகப் பெட்டிகள் வந்து இறங்கியதிலிருந்து உன் அறைக்குள் கால் வைக்க இடம் இல்லை. கட்டிலுக்கு அடியில் ஐந்து, அலமாரிக்கு மேலே நான்கு, ஜன்னலை மறைத்துக்கொண்டு மூன்று. நீ அங்கே வேலை முடிந்து வந்து எழுதுகிறாய், நான் இங்கே சும்மா இருக்கலாமா என்றுதான் ஆரம்பித்தேன். மாமாவின் ஜெராக்ஸ் கடையில் படித்த பக்கத்துக்கு அடையாளமாகச் சொருகி வைக்கிற அட்டை அடித்து, தினமும் ஓர் அத்தியாயம் என்று அதில் போட்டு, கடையில் மருந்து வாங்க வருகிறவர்களின் பையில் ஒவ்வொன்றாகச் சொருகினேன். இரண்டாம் நாளே ஒரு பெரியவர் திரும்பி வந்து, இதைச் சாப்பாட்டுக்கு முன்னாடி எடுக்கணுமா பின்னாடி எடுக்கணுமா என்று கேட்டார். முதலாளி அட்டைகளை எல்லாம் பிடுங்கிக் குப்பையில் போட்டார். இதை உனக்குப் போனில் சொன்னபோது சிரித்தாய், நீ சிரித்து நான் கேட்டது அதுதான் கடைசி. பள்ளி நூலகத்துக்கு முதல் புத்தகத்தில் ஒரு பிரதி கொடுத்தேன் அல்லவா, கதை ஆகாயக் கப்பலில் நடந்தாலும் பெயர் மூன்றாம் தொட்டி என்று இருந்ததால் நூலகத்து அம்மாள் அதைக் குடிநீர் வடிகால் புத்தகங்களோடு அடுக்கிவிட்டார். அப்பா அந்தப் பக்கம் வேலைக்குப் போகும்போதெல்லாம் உள்ளே நுழைந்து அதை எடுத்துக் கதை அலமாரியில் வைப்பார், அந்த அம்மாள் மறுபடி வடிகாலில் வைப்பார், ஆறு மாதமாக இந்த ஆட்டம் நடக்கிறது, கடைசிப் பக்கத்தில் ஒட்டிய சீட்டில் ஒரு தேதிகூட விழவில்லை. புத்தகக் கண்காட்சியில் மேஜை போட்டு இரண்டு நாள் உட்கார்ந்தேனே, நிறையப் பேர் வந்தார்கள் என்று உன்னிடம் சொன்னேன். வந்தார்கள், கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்க வந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் அந்தத் தளத்தில் உன் பக்கத்தைப் பார்த்தேன். கருத்து எதுவும் இல்லை, எதுவும் இல்லை என்று அவர்களே எழுதி வைத்திருந்தார்கள். ஆள் நடமாட்டமே இல்லாத கடைக்குள் யாரும் வரமாட்டார்கள், இது என் கடையில் நான் பார்த்தது, நாலு பேர் நின்றால்தான் ஐந்தாவது ஆள் எட்டிப் பார்ப்பான். அந்த நாலு பேராக நானே நின்றுவிடலாம் என்று நினைத்தேன். என் போன், அப்பாவின் போன், மாமாவின் போன், மாமா கடையில் சும்மா கிடக்கும் பழைய போன், கீழ்வீட்டுத் தையற்காரியின் போன், ஆக ஐந்து பேர். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் என்று ஒருவர், கல்லூரி மாணவி என்று ஒருத்தி, இரண்டு பிள்ளைகளின் தாய், விஞ்ஞானத்தில் ஆர்வமுள்ள இளைஞர், இன்னொருவரை என்னவாக வைப்பது என்று தெரியாமல் கப்பல் கேப்டன் என்று வைத்தேன். எல்லோரும் ஐந்து நட்சத்திரம். உனக்கு அது தெரியாது, வாசகர்கள் வருகிறார்கள் அம்மா என்று நீ போனில் சொன்னபோது உன் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு நான் அடுப்படியில் நின்று அழுதேன். அப்போதே நிறுத்தியிருக்கலாம். அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்கவேண்டும் போல இருந்தது, அதனால் இரண்டாம் புத்தகத்துக்கும் எழுதினேன், மூன்றாவதுக்கும் எழுதினேன்.

அப்போது நிஜமாகவே ஒரு ஆள் வந்தார். தூங்குமூஞ்சி என்று தனக்குப் பெயர் வைத்துக்கொண்டவர், ஆணா பெண்ணா தெரியாது. மூன்று புத்தகத்தையும் படித்திருந்தார். முதல் அறுபது பக்கம் நகரவில்லை, ஆனால் தொட்டியில் விரிசல் விழும் இடத்தில் புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை, மூன்றாவது புத்தகத்தை அப்படி முடித்தது மட்டும் வாசகனை ஏமாற்றுவது, இதுதான் அவர் எழுதியது. மூன்று நட்சத்திரம் கொடுத்திருந்தார். எனக்கு அந்த மூன்று மட்டும்தான் கண்ணில் பட்டது. என் பிள்ளை கண் விழித்து எழுதியதற்கு நீ யார் மூன்று போட என்று பற்றிக்கொண்டு வந்தது. தலைமையாசிரியராகவும் கேப்டனாகவும் மாணவியாகவும் மாறி மாறித் திட்டினேன், தூங்குமூஞ்சிக்கு எதைப் படித்தாலும் தூக்கம்தான் வரும் என்று இரண்டு பிள்ளைகளின் தாயாக நின்று எழுதினேன். அவர் திருப்பித் திட்டவில்லை. மறுநாள் நாலே வரி எழுதியிருந்தார். இங்கே பேசுகிற ஐந்து பேருக்கும் ஒரே சொல்லில் ஒரே இடத்தில் ஒரு சுழி குறைகிறது, எல்லோரும் ஒரே வீட்டில் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், எழுதியவருக்கு இது தெரியாமல் இருக்கட்டும், நான்காவது புத்தகத்துக்காகக் காத்திருந்தேன், இனிமேல் வேண்டாம். அவ்வளவுதான். தன் கருத்தை அழித்துவிட்டுப் போய்விட்டார். அந்த நாலு வரியைத் தளத்தார் பார்த்தார்களோ என்னவோ, மூன்றாம் நாள் உன் புத்தகங்கள் அங்கே இல்லை.

நான் எழுதியது வின்கலம். ரெண்டு சுழி. போனில் போடுவதற்கு முன் நோட்டில் எழுதி வைத்திருந்ததில் பதினேழு இடத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன் என்று அப்பா பிறகு எண்ணிச் சொன்னார். உனக்கு இது புதிதில்லை. நீ நான்காம் வகுப்பு படிக்கும்போது உனக்குக் கண் வலி என்று விடுப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தேன், கன் வலி என்று எழுதியிருந்தேன், உன் டீச்சர் அதைச் சிவப்பு மையால் வட்டம் போட்டு உன் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு உன் விடுப்புக் கடிதங்களை நீயே எழுதி என்னிடம் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டாய். நீ எழுத்துக்காரியானதே அங்கேதான் என்று அப்பா அடிக்கடி கேலி செய்வார். இந்தத் தடவை அவர் கேலி செய்யவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, புள்ளைக்குன்னு ஒரே ஒரு ஆளு வந்து படிச்சான், அவனையும் நீயே தொரத்திட்டியே என்று மட்டும் சொல்லிவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார். நான் அந்தத் தூங்குமூஞ்சிக்கு மன்னிப்புக் கேட்டு மூன்று தடவை எழுதினேன், அந்தக் கணக்கே இப்போது இல்லை என்று வருகிறது.

எல்லாத்தையும் எடைக்குப் போட்டுடுங்கம்மா, நான் இனிமே எழுதல என்று நீ போன மாதம் சொன்னாய். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது, அதனால் சரி என்றேன். போன வாரத்துக்கு முந்தின வாரம் புதன்கிழமை பழைய பேப்பர்காரர் வந்தார். ஒரு கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, மடிப்புக் கலையாம இருக்கே, யாரும் படிக்கலையா என்று கேட்டார். நீயும் அப்பாவும் என்னைத் திட்டிக்கொள்ளுங்கள். பாப்பா, நானும் படிக்கவில்லை. முதல் புத்தகத்தில் நாற்பது பக்கம், அதற்குள் கண் வலித்தது, மீதி எல்லாம் அட்டையின் பின்பக்கத்தைப் பார்த்து எழுதியதுதான். பெட்டிகள் படியில் இறங்கிக்கொண்டிருந்தபோது ஒன்றை மட்டும் இது என் சாமான் பெட்டி என்று சொல்லி அப்பா இழுத்து வைத்துக்கொண்டார், ஸ்பேனர் இருக்கிற பெட்டியில் உன் பெயர் அச்சடித்திருப்பதைப் பார்த்தும் அந்தப் பேப்பர்காரர் அடுத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். அதிலிருந்து மூன்றையும் எடுத்து இப்போதுதான் படித்தேன். பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு எட்டு நாள் ஆனது.

உன் கதையில் வருகிற அந்தத் தண்ணீர்க்காரிப் பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. பதினாறு வயதில் கப்பலில் இருக்கிற அத்தனை பேருக்கும் தண்ணீர் அளந்து ஊற்றுகிறாள், யாரும் அவளிடம் ஒரு நல்ல வார்த்தை பேசுவதில்லை. கீழே பூமியில் தங்கிவிட்ட அவள் அம்மா அனுப்புகிற செய்தி முதலில் ஒரு நாளில் வருகிறது, பிறகு ஒரு மாதம், கப்பல் தூரம் போகப் போக நாலு வருடம் ஆகிறது. கடைசியாக வந்ததைத் திறந்துவிட்டால் இனி ஒன்றும் வராதோ என்று பயந்து ஒரு புத்தகம் முழுக்க அதை மூடியே வைத்திருக்கிறாள். கடைசிப் பக்கத்தில் திறக்கிறாள். கண்ணு, உங்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும் என்று அந்த அம்மாவின் குரல் வருகிறது, புத்தகம் முடிந்துவிடுகிறது. நான் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பின்னட்டைக்கு உள்ளே ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று கூடப் பார்த்தேன். தூங்குமூஞ்சி சொன்னது நியாயம்தான். இப்படி விட்டுவிட்டுப் போவது ஏமாற்றுவதுதான். முதல் அறுபது பக்கமும் நகரவில்லைதான், அதையும் சொல்லிவிடுகிறேன், இனிமேல் உன்னிடம் பொய் சொல்லமாட்டேன்.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். எல்லாம் நான் செய்தது, என் மகளுக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அந்தத் தளத்துக்கு அனுப்பு. அங்கே மெஷின்தான் எல்லாம் பார்க்குது, ஒங்கையெழுத்த யாரு படிக்கப்போறா என்று அப்பா சொல்கிறார், அவர் சொல்வதுதான் நடக்கும் என்று எனக்கும் தெரியும். புத்தகம் திரும்பி வராது, அந்த ஆளும் திரும்பி வரமாட்டார். உன் தோழியிடமாவது போய்ப் பேசு, என் அம்மாதான் செய்தாள் என்று தயங்காமல் சொல், எனக்கு அதில் வெட்கம் இல்லை, நீ அந்த ஊரில் தனியாகச் சாப்பிட உட்காருவதை நினைத்தால்தான் தாங்கவில்லை. நான்காவது புத்தகத்தை எழுது என்று உன்னிடம் கேட்க எனக்கு வாய் இல்லை. நான் ஒருத்தி படிப்பதற்காக யாராவது புத்தகம் எழுதுவார்களா, அதுவும் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு. அந்த அம்மா அப்படி என்னதான் சொன்னாள் என்று மட்டும், எப்போதாவது மனசு வந்தால், போனிலேயே சொல்லிவிடு. நான் குறுக்கே பேசமாட்டேன், ம், ம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நல்ல உடம்போடும் நல்ல தூக்கத்தோடும் நீ நீண்ட காலம் இருக்கவேண்டும், எங்கள் ஆயுசில் மிச்சம் இருந்தால் அதையும் நீயே எடுத்துக்கொள். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்காதே, தண்ணீரோடு விழுங்கு, இதைப் பத்து வருடமாகச் சொல்கிறேன். கடிதம் முழுவதையும் அப்பா பார்த்துத் திருத்தினார், நான் மறுபடி நல்லபடியாகப் பார்த்து எழுதினேன். கீழே வருகிற இந்த ஒரு சொல்லை மட்டும் அவருக்குக் காட்டவில்லை, இன்று காலையிலிருந்து பழைய மருந்துச் சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதி எழுதிப் பார்த்துவிட்டுத்தான் இங்கே எழுதுகிறேன், சுழியை எண்ணிக்கொள்.

விண்கலம்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கத் தெரியாத,
உன் அம்மா