கலைக்கவிடாத கடந்தைக் கூடு

என் தம்பி ஆறுமுகத்துக்கு, அன்பு குறையாத அக்கா எழுதுவது.

இந்த வருஷம் சாரல் முந்திக்கொண்டது. நீ காவல் பார்த்த குற்றாலத்துப் பங்களாவுக்கு வேறு ஆள் வந்துவிட்டான். சித்திரையிலேயே ஏணி போட்டு கூரை இறவாரம் முழுக்கப் பார்த்து, குளவி கூடு கட்டவிடாமல் செய்துவிடுகிறானாம். நீயும் அப்படித்தானே செய்துகொண்டிருந்தாய்?

செங்கோட்டை நம் ஜில்லாவோடு சேர்ந்த மறுவருஷம் அது. கல்யாணமாகி எட்டு வருஷமாகியும் எனக்குப் பிள்ளை இல்லை. நாலு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று பங்களா வளவில் இருந்த உன் வீட்டுக்கு வந்தேன். பங்களா இறவாரத்தில் எலுமிச்சம்பழ அளவில் கடந்தைக் குளவி கூடு வைத்திருந்தது. பொழுது அடங்கியதும் நீ கூட்டை எரிக்க ஓலைச் சூட்டைக் கொளுத்தினாய். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"குளவி கூடு கட்டுனா வீட்டுல பிள்ள பொறக்கும்லா. கலைக்காதலே."

"யக்கா, அது மண்குளவி. இது கடந்தை. பத்து கொட்டுனா ஆளு காலி."

"எதுவா இருந்தா என்ன? எனக்காவ விட்டுருலே."

நீ என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சூட்டை மண்ணில் குத்தி அணைத்தாய். கிணற்றடியில் இருந்த உன் பெண்டாட்டி செண்பகத்துக்கு இது தெரியாது. நீயும் அவளிடம் மூச்சு விடவில்லை. என் குறை பேச்சாகிவிடக் கூடாது என்று நினைத்தாயோ?

ஆனியில் அந்தக் கூடு பானை அளவாகிவிட்டது. நாளைக்குச் சீசனுக்கு ஆட்கள் வருகிறார்கள், உடனே எடு என்று முதலாளி நின்றார். இருட்டட்டும் என்று நீ கெஞ்சினாயாம். அவர் கேட்கவில்லை. பட்டப்பகலில் ஏணி ஏறினாய். கடந்தைகள் மொய்த்துக் கொட்டிவிட்டன. தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய குதிரைவண்டி மேலகரம் தாண்டுவதற்குள் உன் மூச்சு அடங்கிவிட்டது.

துட்டி கேட்க வந்த முதலாளி, "சின்னதா இருக்கையிலயே கலைச்சிருக்கணும். சோம்பேறிப் பய" என்றார். செண்பகம் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஏன் மதினி இவிய அதப் போட்டு வச்சாவ?"

"எனக்கென்ன தெரியும்" என்றேன். அந்தப் பொய் எப்படி என் வாயில் வந்தது, தம்பி?

அன்றைக்கு அவள் வயிற்றில் உன் பிள்ளை இருந்தது பிறகுதான் தெரிந்தது. எனக்கு இன்றுவரை இல்லை. உன் மகள் அத்தை அத்தை என்று என் முந்தானையைப் பிடித்தபடியே அலைகிறாள். என் கையால் ஊட்டினால்தான் சோறு இறங்கும். அவளை என்னிடமிருந்து பிரித்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான் இத்தனை வருஷம் வாயை மூடிக் கிடந்தேன். சீ, என்ன பிறவி நான்!

நேற்று உன் மகள் ஏதோ வேலையை அப்புறம் செய்கிறேன் என்றாள். செண்பகம் கத்திவிட்டாள். "ஏட்டி, உங்கப்பன மாதிரி ஒத்தி வைக்காத. அதுலதான் அவிய போய்ச் சேந்தாவ."

பிள்ளை என்னிடம் வந்து, "எங்கப்பா சோம்பேறியா அத்தை?" என்று கேட்டது. நான் அவளுக்குச் சடை பின்னிவிட்டேன்.

இதை மடித்து வைத்ததும் செண்பகத்திடம் போகிறேன். உன் மகளையும் பக்கத்தில் உட்காரவைத்து நடந்ததைச் சொல்வேன். இது சத்தியம். அதன் பிறகு செண்பகத்தின் வீட்டுக் கதவு எனக்குத் திறக்காது. சோறு பிசைந்து வைத்திருக்கிறேன். கடைசியாக ஒரு தடவை ஊட்டிவிட்டுச் சொல்லலாமா என்று மனசு கெஞ்சுகிறது. வேண்டாம். முதலில் சொல்லிவிடுகிறேன்.

உன் உடன்பிறந்த பாவி,
லட்சுமி அக்கா