இடது பக்கம் சரியும் பின்சீட்டு

என்னவே, சௌக்கியமா? போன இடத்தில் உட்கார வசதியெல்லாம் எப்படி? எந்த நாற்காலியைப் பார்த்தாலும் முதலில் அமுக்கிப் பார்த்து, "உள்ள என்னடா வெச்சிருக்கான், செங்கல்லா?" என்று கேட்கிற ஆள் நீர். அங்கே யாருடைய பொறுமையைச் சோதித்துக்கொண்டிருக்கிறீரோ.

நான் இங்கேதான் இருக்கிறேன். பிம்ப்ரியில் கார் சீட்டு கட்டுகிற அதே பட்டறை, அதே தகரக் கூரை. நீர் கண்ணை மூடும்போது சாலை நடுவே வெறும் தூண்களாக நின்றதே, அதன் மேல் இப்போது மெட்ரோ ஓடுகிறது. பட்டறைக்குப் பக்கத்து டீக்கடை இப்போது இல்லை. அந்த இடத்தில் ஒருவன் செல்போன் உறை விற்கிறான். அவனோடு இந்தியில் இரண்டு வார்த்தை பேசினால் அன்றைய பேச்சு முடிந்தது. வீட்டில் நான் தமிழில் கேட்டால் பிள்ளைகள் மராத்தியில் பதில் சொல்கிறார்கள். 'வே' என்று ஒருவரைக் கூப்பிட்டு எவ்வளவோ நாளாகிறது.

நீர் புனேயிலேயே பிறந்தவர். முதன்முதலில் எங்கள் ஊர் 'வே'யைக் கேட்டபோது, "அரே, என்னடா ஆட்டைக் கூப்பிடுற மாதிரி கூப்பிடுற?" என்றீர். ஆடு என்றதும் ஞாபகம் வருகிறது. சீட்டுக்குள் திணிக்க நாம் வெயிலில் உலர்த்தியிருந்த தேங்காய் நாரை ஒரு நாள் பக்கத்துக் கொட்டகை ஆடு வந்து மேய்ந்துவிட்டது. துரத்தப் போன என்னையும் தடுத்து, "சாப்பிடட்டும் விடு, நார் நல்ல நாரான்னு நமக்கும் தெரியணும்ல" என்றீர். சரி, ஆட்டை விடும். சொல்ல வந்தது வேறு.

நாம் அந்தக் காலத்தில் சீட்டு கட்டிக் கொடுத்த அந்தக் கரும்பச்சைக் கார் திரும்பி வந்திருக்கிறது.

பின்சீட்டைக் கழற்றி மேல்தோலை உரித்தேன். பழைய நாரும் தூசியும் கலந்த வாசனை குப்பென்று ஏறியது. உள்ளே ஸ்பிரிங்குகள் வலது பக்கம் நிமிர்ந்தும் இடது பக்கம் அமுங்கியும் நின்றன. வேறு யாராவது பார்த்தால் கோணல் என்பார்கள். எனக்கு நீர் அதன் மேல் உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருந்தது. அன்று முழுக்க அதில் கை வைக்கவில்லை.

நம் வேலை அப்படித்தானே நடக்கும். ஸ்பிரிங்குகள் மேல் ஒரு பலகை, பலகை மேல் நீர். உம்முடைய கனத்தில் எல்லாம் அமுங்கி நிற்கும்போது, நான் முன்னால் மண்டியிட்டுச் சணல் கயிற்றை இழுத்து முடிச்சுப் போடுவேன். "நான் உட்கார்ந்தா போதும்டா, ஸ்பிரிங்குக்கு புத்தி வந்துரும்" என்பீர். ஆனால் ஒருநாளாவது நேராக உட்கார்ந்தீரா? இடது பக்கத்து டீக்கடை ரேடியோவில் கிரிக்கெட் கேட்க வேண்டும் என்று இடது பக்கமாகவே சாய்ந்திருப்பீர். அதனால் நாம் கட்டிய பின்சீட்டெல்லாம் இடது பக்கம் ஒரு துளி சரியும். "மேட்ச் நடக்கையில கட்டினதாவே? அப்ப சரிவு ஜாஸ்திதான்" என்று நானே கேலி செய்திருக்கிறேன்.

இந்தக் கார்க்காரரை நினைவிருக்கிறதா? பாங்கு உத்தியோகம். கார் வாங்கினாரே தவிர ஓட்டத் தெரியாது. மனைவி ஓட்டுவார், இவர் பின்னால் குழந்தையோடு உட்கார்ந்து வருவார். சீட்டு கட்டிக் கொடுத்த பிறகு ஒரு நாள் வந்து, "ஏங்க, ஒரு பக்கமா இறங்குதே?" என்று கேட்டார். நான் நெளிந்தேன். நீர் கூசாமல், "சார், பாப்பா சறுக்கிட்டு நேரா உங்க மடிக்கே வந்துரும். இந்த வசதி புது வண்டியிலயே கிடையாது" என்றீர். மனைவி ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே விழுந்து விழுந்து சிரித்தார். அவரும் சிரித்துவிட்டுப் போனார்.

அந்தப் பாப்பாதான் இப்போது காரைக் கொண்டுவந்திருக்கிறாள். பாணேரில் வீடு, ஹிஞ்சேவாடியில் வேலை. அப்பா போய்விட்டாராம். கதவுப் பலகை, கூரைத் துணி, முன்பக்க டாஷ்போர்டு மரம் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கித் தரச் சொன்னாள். பின்சீட்டையும் மட்டமாக்கித் தருகிறேன் என்று நான் சொன்னதுதான் தாமதம், பதறிப் போனாள்.

"ஐயோ அங்கிள், லெவல் பண்ணிடாதீங்க! அந்த ஸ்லோப்லதான் நான் அப்பா மேல சாய்வேன். அது போச்சுன்னா எனக்கு இந்தக் கார் எதுக்கு?"

"அது ஒரு ரேடியோ செஞ்ச வேலைம்மா."

"யார் செஞ்சா என்ன, அப்படியே வேணும்."

கயிறோ மக்கிப் போயிருந்தது. அறுக்காமல் தீராது. அறுத்தால் உம்முடைய கனமும் அதோடு போய்விடும். வேறு வழியில்லாமல் இன்று காலையில் அறுத்தேன். ஸ்பிரிங்குகள் ஒவ்வொன்றாகத் துள்ளி மேலே வந்தன. இடது பக்கம், வலது பக்கம் எல்லாம் ஒரே உயரம். நீர் எழுந்து போய்விட்டீர்.

உமக்குப் பதிலாகப் பலகை மேல் மணல் மூட்டையை வைத்துப் பார்த்தேன். பரீட்சைக்கு வந்த பையன் மாதிரி நேராக உட்கார்ந்திருக்கிறது. அதை எப்படிச் சாய்ப்பது? பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண், "நான் உட்காரட்டுமா அங்கிள்?" என்று ஏறி, கனம் போதாதென்று மூட்டையையும் மடியில் வைத்துக்கொண்டாள். நான் மண்டியிட்டேன். கயிற்றை இழுத்தேன். முடிச்சு தெரியவில்லை. உமக்குத் தெரியும், நம் பட்டறைக்கு ஒரே ஜன்னல், உட்காருகிறவர் முதுகுக்குப் பின்னால், வலது பக்கம். அவள் நிழல் என் கை மேலேயே விழுந்தது.

"கொஞ்சம் இடது பக்கம் சாஞ்சுக்கோம்மா, வெளிச்சத்த மறைக்குது" என்றேன்.

சொன்ன பிறகு கயிறு கையிலேயே நின்றுவிட்டது. இத்தனை வருஷத்தில் இந்த வார்த்தையை உம்மிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லையேவே. அவளைப்போல் இரண்டு மடங்கு உடம்பு உமக்கு. ஆனால் உம் நிழல் என் கை மேல் விழுந்ததே இல்லை. மழைக்காலத்தில், மேட்ச் இல்லாத நாட்களில், டீக்கடை பூட்டிக் கிடந்த நாட்களில்கூட நீர் சாய்ந்துதான் உட்கார்ந்தீர். நான் ரேடியோ ரேடியோ என்று கேலி செய்தேன். நீரும் அதற்குத் தலையாட்டிக்கொண்டே இருந்தீர்.

அவளைத் தெருமுனையில் டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மேலே மெட்ரோ போகிறது, தகரம் நடுங்குகிறது. முடிச்சுப் போடும் இடத்தில் வெயில் விழுந்து கிடக்கிறது. இதைக் கேட்க இனி யாரிடம் போவேன்? ஒரே ஒரு விஷயம் சொல்லிவிடுமே. அந்த ரேடியோ உண்மையிலேயே உமக்குக் கேட்டதா, இல்லை என் கைக்கு வெளிச்சம் விடத்தான்...

"அங்கிள்! உட்கார்ந்துட்டேன். சாஞ்சுட்டேன். சீக்கிரம் வாங்க, மூட்டை கனக்குது!"

இதோ வந்துட்டேம்மா. கூப்பிடுகிறாள்வே, கட்டிவிட்டு வருகிறேன். நான் என்ன சொல்ல வந்தேன் என்றால், இத்தனை நாளும் நீர் எனக்கு...