பதினெட்டு மெமரி சிப்புகள்

சனி, 14 நவம்பர் 1987

விடியலிலிருந்து தூறல். வெள்ளிக்கிழமை விடுமுறைக்குப் பின் தோல் தொழிற்சாலை திறப்பு. கம்ப்யூட்டரில் புதிய மெமரி: பதினெட்டு சிப்புகள், இரண்டு வரிசை. பொருத்தியவர் மெட்ராஸ் இன்ஜினீயர். செவ்வாயன்று அனுப்பவேண்டிய ஷூ மேல்பாகங்களின் பேக்கிங் லிஸ்ட் பழைய மெமரிக்குள் அடங்கவில்லை.

11.10, 12.40, 3.05. மூன்று முறை நின்றது. திரையில் ‘பாரிட்டி செக்’ என்று மெமரிப் பிழைக்கான இரு சொற்கள். பிறகு எந்த விசைக்கும் அசைவில்லை.

இன்ஜினீயர், அலுவலகம் முழுவதும் கேட்க: “சிப்பெல்லாம் டெஸ்ட் பண்ணி அனுப்புனது சார். இந்தம்மா கண்ட கீயை அமுக்கறாங்க.”

‘இந்தம்மா’ என்பது ஆபரேட்டர் எஸ்தர். வேலூரிலிருந்து தினமும் ரயிலில் வருபவள். அவள் அடித்த பட்டியலில் இதுவரை ஒரு பிழை கண்டதில்லை.

முதலாளி: “செவ்வாக்கெழம வரைக்கும் பாருங்க மேனேஜர் சார். ஓடலேன்னா மெஷினை அனுப்பிடலாம். அந்தப் பொண்ணும் வேற எடம் பாத்துக்கட்டும். பேஜார் ஜாஸ்தியாய்ட்டுது.”

நான் பேசவில்லை. ஆதாரமின்றி வாய் திறப்பது என் வழக்கமன்று.

மாலை எஸ்தர் என் மேசையருகே: “மூணாவது வாட்டி நின்னப்போ என் கைல டீ கிளாஸ் சார். கீயைத் தொடவேயில்ல.”

இன்று இந்த அலுவலகத்தில் எவரேனும் சொன்ன ஒரே பயனுள்ள தகவல்.

ஞாயிறு, 15

இன்ஜினீயர் நேற்றே மெட்ராஸுக்குப் போய்விட்டார். நல்லது. அளக்கத் தெரியாதவர் அருகில் நிற்பதைவிடத் தொலைவில் இருப்பது மேல்.

— மின்னழுத்தம்: மணிக்கொருமுறை அளந்தேன். சீராக உள்ளது.
— புதிய சிப்புகள் இல்லாமல்: நான்கு மணி நேரம், தடையின்றி.
— முதல் வரிசை மட்டும் திரும்பப் பொருத்தி: 40 நிமிடத்தில் நின்றது.
— இரண்டாம் வரிசை மட்டும்: 25 நிமிடம்.

ஆக, கோளாறு புதியவற்றில். ஆனால் இரண்டு வரிசையும் ஒருசேரக் கெடுமா? ஒரு சிப் பழுதென்றால் நம்புவேன்.

ட்ரங்க் கால், மாலை 4. இன்ஜினீயர்: “உங்க ஊர் கரண்ட் அப்படி சார்.” அளவுகளை வாசித்தேன். லைன் துண்டிக்கப்பட்டது. அவராகவே வைத்திருக்கலாம்.

குடையை ரயிலில் தொலைத்திருக்கிறேன்.

திங்கள், 16

கா. 8. ஒரு சிப்பைப் பிடுங்கி, தோலின் மயிர்க்கண்களைப் பார்க்கும் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்தேன். கால்கள் கறுப்பு. பதினெட்டும் அப்படியே. பழைய சிப்பின் கால்களில் வெள்ளிப் பூச்சு பளிச்சென்று.

ஸ்டோர் கீப்பர் கபூர் பாயை அழைத்தேன். பார்சல் எங்கே இருந்தது?

“வியாழக்கெழம சாயங்காலம் வந்துச்சு சார். மறுநா லீவு. கெமிக்கல் ஸ்டோர்ல வச்சேன், சல்ஃபைடு டிரம் மேல. அங்கதான் பூட்டு கெட்டி.”

பிரித்தா வைத்தீர்?

“இன்னா சார் இப்படிக் கேக்கறீங்க? எது வந்தாலும் பிரிச்சு எண்ணி ஸ்டோர்ல ஏத்தாம வெளிய விடக்கூடாதுன்னு நீங்கதான எழுதி ஒட்னீங்க!”

ஆம். என் சுற்றறிக்கை. என் கையெழுத்து.

தோலின் மயிர் நீக்கும் சல்ஃபைடு. அதன் வாடை எங்களில் எவருக்கும் உறைப்பதில்லை, அதற்குள்ளேயே வாழ்கிறோம். மழை ஈரத்தில் இன்னும் மோசம். சுண்ணாம்புக் குழியில் வேலை செய்யும் பெண்கள் வெள்ளிக் கொலுசைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வருவார்கள், கறுத்துவிடும் என்று. படிக்காதவர்கள். பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. வாங்கியவனுக்குத் தோன்றவில்லை.

கறுப்பு போய் மின்சாரம் தடையின்றிப் பாய, பென்சில் ரப்பரால் ஒவ்வொரு காலாகத் தேய்த்தோம், எஸ்தரும் நானும். சிப்புக்குப் பதினாறு கால். அவள்: “சின்னப் புள்ளைங்களுக்குப் பல்லு வெளக்கி வுடற மாதிரி இருக்கு சார்.” சிரிக்கவில்லை நான். சிரித்திருக்கலாம்.

பகல் 2 முதல் மாலை 6 வரை ஓட்டம். நிற்கவில்லை.

செவ்வாய், 17

மழை விட்டது. கா. 7 முதல் ஓடுகிறது. 10.30க்குப் பேக்கிங் லிஸ்ட் முழுவதும் அச்சாகி லாரியோடு போயிற்று.

முதலாளியிடம் சொன்னேன்: பிழை எஸ்தருடையதன்று, என் உத்தரவின் விளைவு. “மெஷின் ஓடுது இல்ல? விடுங்க சார், பொண்ணு இருக்கட்டும்.” விடமாட்டேன் என்றேன். எல்லோர் முன்னும் சுமத்தப்பட்ட பழி எல்லோர் முன்னும் நீங்கவேண்டும். பிறகு அனைவரையும் அழைத்துச் சொன்னார்.

எஸ்தருக்கு அது போதவில்லை. “எழுத்துல குடுங்க சார்.”

நியாயம். நான் சொல்ல, அவளே கம்ப்யூட்டரில் அடித்தாள். கோளாறின் காரணம், என் உத்தரவு, ஆபரேட்டர் குற்றமற்றவர் என்ற முடிவு. மூன்று பத்தி. பேனாவைத் திறந்தேன்.

“சனிக்கெழம இன்ஜினீயரு என்னப் பத்தி அப்படிச் சொன்னப்போ நீங்களும் அங்கதான நின்னுட்டு இருந்தீங்க சார்?”

ஆமாம் என்றேன்.

பேனாவை மூடினேன். அதையும் ஒரு வரியாகச் சேர்க்கச் சொன்னேன்: ‘மேலாளர் உடனிருந்தார், மறுக்கவில்லை.’ சேர்த்தாள். வாசித்துக் காட்டினாள். கையெழுத்திட்டேன்.