கோயில் கற்பூரத்துக்கு வந்த பூச்சியம்

என் அருமை அக்காவுக்கு,

நேற்று உன் ஆட்டைத் திவசம்; நீ போய் ஒரு வருசம். உன் பேராசிரியரும் வெள்ளவத்தை வீட்டுக்கு வந்திருந்தார். அம்மா வற்புறுத்தி அவருக்கு இரண்டாம் தரமும் சோறு போட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீ இருந்திருந்தால் "விடடி" என்றிருப்பாய். எப்படி விடுகிறது?

அவர் ஒரு புதுச் செய்தி கொண்டுவந்தார். உனக்குப் பிறகு சேர்ந்த மாணவி உன் பரிசோதனையை மறுபடி செய்து வென்றுவிட்டாளாம். வட்டமுனைவாக்கிய ஒளியை, அதாவது சுழன்றுகொண்டு போகிற ஒளியை, கற்பூர ஆவியில் பாய்ச்சினால், மூலக்கூறிலிருந்து தெறிக்கிற இலத்திரன்கள் ஒரு பக்கம் கூடவும் மறுபக்கம் குறையவும் போகும். ஒளியை எதிர்ப்புறம் சுழலவிட்டால் அதுவும் மாறிவிடும். மூலக்கூறு இடக்கை வகையா, அதன் கண்ணாடிப் பிம்பமான வலக்கை வகையா என்று அதை வைத்துச் சொல்லலாம். சாப்பாட்டு மேசையில் இரண்டு கையையும் விரித்துக் காட்டி இதை எத்தனை தரம் எனக்கு விளங்கப்படுத்தியிருப்பாய்!

உனக்கு மட்டும் ஏன் இரண்டு பக்கமும் வித்தியாசமே இல்லாமல் பூச்சியம் வந்தது? அதை அவர் சொல்லவில்லை. நான் சொல்கிறேன், வாசிக்கிறவர்களும் கேட்கட்டும்.

நாட்டில் டொலர் இல்லாத காலம் அது. ஒரே கை வகை மட்டும் உள்ள சுத்தமான கற்பூரம் வந்து சேரவில்லை. வெளிநாட்டு ஆய்வுகூடத்தில் உனக்கு ஒதுக்கிய கிழமையோ நெருங்கிவிட்டது. தொலைபேசியில் அவர் சொன்னது பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்டது.

"பிள்ளை, காலி வீதியில பூசைச் சாமான் கடையில வாங்குங்கோ. கற்பூரம் கற்பூரம்தானே."

"சேர், அது பக்டரியில செய்யிறது. இடமும் வலமும் சரிபாதி. ஒண்டை ஒண்டு அடிச்சுப்போடும், ஒண்டும் தெரியாது."

"எனக்குக் கெமிஸ்ட்ரி படிப்பிக்காதேங்கோ."

நீ சொன்னபடிதான் நடந்தது. இரண்டு பக்கமும் சமம். அவரோ, ஒளியைச் சரியாகச் சுழலவிடத் தெரியாத பிள்ளை என்று உன்னைப் பற்றி எழுதிக் கொடுத்தார். அதோடு உன் புலமைப்பரிசிலும் போனது.

உன்னைக் கொண்டுபோனது டெங்கு, அவரில்லை. அந்த நியாயம் எனக்குத் தெரியும். ஆனால் கடைசி மாதங்களில் நீயே உன்னை நம்பாமல் இருந்தாயே அக்கா, அதை யார் செய்தது?

இப்போது உன் நினைவாக ஒரு பேச்சு வைக்கப்போகிறாராம். மேடையில் வைக்க உன் படம் கேட்டார். "நல்ல பிள்ளை, பாவம். லைட்தான் சரிவரேல்ல" என்றார்.

"சேர், அந்தக் கற்பூரம் எங்க வாங்கினது எண்டும் அண்டைக்குச் சொல்லுவீங்களோ?"

"அதெல்லாம் இப்ப ஏன் பிள்ளை?" என்று செருப்பைத் தேடினார்.

அவர் போனபிறகு அம்மா என்னைத்தான் ஏசினார். வீட்டுக்கு வந்த மனிசரோடு கதைக்கிற கதையோ என்றார்.

படம் கொடுக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சுக்குப் போவேன். உன்னைப் பாவம் என்று அவர் சொல்லுகிற இடத்தில் எழும்பி நின்று, சபை முழுக்கக் கேட்கச் சொல்லுவேன்: அந்தக் கற்பூரத்துக்குப் பூச்சியம்தான் சரியான விடை. என் அக்கா சரியாகத்தான் அளந்தாள்.

ஒரே அறையில் உன்னோடு சண்டை பிடித்து வளர்ந்த
உன் தங்கச்சி