ஆயிரத்து ஒன்பது டின்கள்

எங்கள் வீட்டு நீதிபதி அம்மாளுக்கு,

நான் சுகம். உன் முட்டிவலி தேவலையா? மகள் ஒழுங்காகப் படிக்கிறாளா?

இங்கே ஒரு கூத்து. கிடங்கில் பெயிண்ட் டின்களைச் சம வரிசைகளாக அடுக்கிப் பெருக்கித்தான் கணக்குச் சொல்வோம். முழுசாக வந்த லோடு ஏதாவதொரு வரிசையில் அடங்கிவிடும். நேற்று ஆறு ஆறாக, ஏழு ஏழாக, எட்டு எட்டாக அடுக்கியும் ஒரு டின் மிஞ்சிக்கொண்டே இருந்தது. வழியில் லாரி டிரைவர் கைவைத்துவிட்டார் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அவர் என் அறையில் தங்கும் நம் பாஷைக்காரர்தான்.

கிளார்க் எண்ணிப் பார்த்தார். "ஆயிரத்து ஒன்பது. பில்லுல உள்ளபடியே இருக்குண்ணே. இது பகா எண். ஒண்ணையும் அதையும் விட்டா, எதால வகுத்தாலும் மிஞ்சும்."

"போங்க தம்பி! ஒரு சோப்பையே என் பொண்டாட்டி ஆறாப் பிரிப்பா. இவ்வளவு பெரிய எண்ணைப் பிரிக்க முடியாதாக்கும்?"

கிளார்க்கும் டிரைவரும் கூட்டோ என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான். டிரைவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தனியாகச் சாப்பிட்டால் இறங்கவும் இல்லை.

அப்படி ஓர் எண் உண்டா என்று மகளை வகுத்துப் பார்க்கச் சொல்லி உடனே எழுது. வலித்தைலம் இரண்டு அனுப்பு, டிரைவருக்கும் முதுகுவலி. மகள் என்ன விடை சொன்னாலும் இரண்டாகவே அனுப்பு.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் சந்தேகப் பிராணி