குட்டிக்குப் பால் மறக்கடித்த நாட்கள்

இன்று காலை தீனி வாளியைத் தூக்கினால் கைப்பிடியில் தனக்கா வாசம், பர்மாப் பெண்கள் அரைத்துக் கன்னத்தில் பூசும் அந்த மரப்பட்டை வாசம். தினமும் பூசியவள் நீதான், நான் தனக்கா பூசுவதை விட்டு வருஷக்கணக்காகிறது. வாளியையும் நேற்றுத்தான் சோப்புப் போட்டுக் கழுவிக் கவிழ்த்தேன். "ஏண்டி, செத்தும் வேலைக்கு வருவியா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். கொட்டகையில் வேறு யாரும் இல்லை.

நான் தாமுவே பேட்டைக்காரி, நீ தாகேதா பேட்டைக்காரி. கியாக்தான் ஊருக்குப் போகும் பஸ்ஸில் அக்கம்பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பழகி, ஒன்றாகவே இந்தப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தோம். முதல் நாள் அல்பாக்காக்களைப் பார்த்து நீ சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "என்னாடி இது, ஆட்டுக்கு யாரோ கழுத்தைப் புடிச்சு இழுத்துவுட்ட மாரி? மாமியாக்காரி கணக்கா மொறைக்குது பாரு." ஞாயிற்றுக்கிழமை அவற்றோடு போட்டோ எடுக்க வருகிறவர்கள் போதும், பண்ணை ஓடும் என்று முதலாளி சொன்னார். எங்கோ குளிர்மலையில் வாழ வேண்டிய பிராணிகள், பாவம், மின்விசிறிக்கு முன்னால் வரிசையாக நிற்கும்.

வாயைத் திறக்காமலே 'ம்ம்ம்' என்று முனகும் அவற்றின் பேச்சு எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. தாய் முனகும், குட்டி பதில் முனகும். நீயும் நடுவில் புகுந்து முனகுவாய். உனக்கோ இழுப்பு நோய். முனகல் பாதியில் அறுந்து, விசில் மாதிரி ஒரு மூச்சு கேட்டு, மறுபடி தொடரும். அந்த வெள்ளைக் குட்டி உன் சத்தம் கேட்டால்தான் ஓடி வரும்.

குட்டிகளுக்குப் பால் மறக்கடிக்கும் வேலையை நீதான் செய்வதாக இருந்தது. "தாய்க்காரிங்கள நகத்துடி, குட்டிங்கள நகத்தாத. பழகுன எடத்துல இருந்தா பாதி துக்கம் கொறையும்" என்று எனக்கும் சொல்லி வைத்திருந்தாய். மழைக்காலத்தில் இழுப்பு முற்றி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டாய். வேலை என் தலையில் விழுந்தது.

நீ சொன்னபடியே தாய்களைக் குளத்துக்கு அப்பால், சத்தம் எட்டாத தூரத்துக்கு மாற்றினேன். மற்றக் குட்டிகள் ஒன்றிரண்டு நாள் அழுதுவிட்டுத் தீனிக்கு வந்துவிட்டன. வெள்ளைக் குட்டி வரவில்லை. தண்ணீர் மட்டும் குடித்தது. தடவிப் பார்த்தால் முதுகெலும்பு கையில் குத்தியது. தாயிடம் திருப்பி விடலாம் என்றால், அது வயிற்றில் அடுத்ததைச் சுமந்துகொண்டு தானே எலும்பாக நிற்கிறது. விட்டால் தாய் போகும், விடாவிட்டால் குட்டி போகும். எனக்குச் சோறு இறங்கவில்லையடி.

அந்த நாட்களில் ஒரு சாயங்காலம், நீ வழக்கமாக வாளியோடு வரும் நேரத்துக்கு, குட்டிகள் எல்லாம் சட்டென்று அடங்கின. எல்லாக் கழுத்தும் மூலையில் கிடந்த உன் பிளாஸ்டிக் ஸ்டூல் பக்கம் திரும்பின. அங்கே யாரும் இல்லை. அப்போது 'ம்ம்ம்' என்று கேட்டது. பாதியில் அறுந்தது. விசில் மூச்சு. மறுபடி தொடர்ந்தது. வெள்ளைக் குட்டி நேரே மூலைக்குப் போய், அங்கிருந்த தொட்டியில் வாய் வைத்தது. உன்னிடம் கேட்டுப் பழகி அதுதான் முனகுகிறது என்று என் மனதுக்குச் சமாதானம் சொன்னேன். ஆனால் அது தீனியை மென்றுகொண்டிருந்தது. முனகல் நிற்கவில்லை.

வாசலில் காவல்காரர் கோ ஆங் நின்றார். அவருக்கும் கேட்டிருக்கிறது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மறுநாளும் அதுவே நடந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார். வேலை செய்த இடத்தைச் செத்தவர்கள் லேசில் விடமாட்டார்கள், 'உனக்கு இனி இங்கே வேலை இல்லை, போ' என்று சொல்லி விடுவிக்க வேண்டும், 'அவளுடைய பாஷையில், தமிழில், நீதான் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் வேலையை விட்டுப் போகிறேன்' என்று பர்மியப் பேச்சில் ஒரே பிடியாக நின்றார்.

ஸ்டூலுக்கு முன்னால் போய் நின்றேன். உன் சாவு வீட்டில்கூட, நம் வழக்கப்படி, யாரிடமும் வருகிறேன் என்று சொல்லாமல் வாயை மூடிக்கொண்டுதான் கிளம்பினேன். அதெல்லாம் தெரிந்தவள்தான் நான். "ஒனக்கு இனிமே இங்க வேல இல்லடி" என்றேன். 'போ' என்பதுதான் பாக்கி. வெள்ளைக் குட்டி வாய் நிறையத் தீனியோடு தலை தூக்கி என்னைப் பார்த்தது. நீ போய்விட்டால் நாளைக்கு அது எதைக் கேட்டுச் சாப்பிடும்?

"போயிட்டு வா" என்றேன்.

என்ன சொன்னாய் என்று கோ ஆங் கேட்டார். போகச் சொல்லிவிட்டேன் என்றேன். தெளிவாக இன்னொரு முறை சொல் என்றார். "ஒரு தடவை போதும், சும்மா இருங்க!" என்று எரிந்து விழுந்தேன்.

குட்டி இப்போது என் கையிலேயே தின்கிறது, சதை பிடித்திருக்கிறது. போன வாரம் வேலிக்கு அந்தப் பக்கம் அதன் தாய் வந்து நின்றது. குட்டி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புல்லுக்குத் திரும்பிவிட்டது. அதற்குப் பால் மறந்துவிட்டது. எனக்கு ஒன்றும் மறக்கவில்லை. பஸ்ஸில் உன் சீட்டில் யாராவது உட்கார்ந்தால் இன்னும் கோபம் வருகிறது.

பொழுது சாய்ந்தால் கோ ஆங் கொட்டகைக்குள் கால் வைப்பதில்லை. நான்தான் போகிறேன். ஆள் இல்லாத ஸ்டூல் கிறீச்சிடும்போது உடம்பெல்லாம் புல்லரிக்கிறது. பயமில்லை என்று உன்னிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? பயம்தான். ஆனால் குட்டி பிழைத்துவிட்டதடி. கோ ஆங் மறுபடி என்னை அங்கே நிறுத்திச் சொல்லச் சொன்னாலும், அதையேதான் சொல்வேன்.