இத்தாலியில் ஒரு கட்டுத்தரை

ஞாயிறு, இரவு.

கொழுந்தனாரின் மனைவி சுகன்யா இன்று சேலத்திலிருந்து வந்திருந்தாள். அடுத்த மாதம் குடும்பத்தோடு இத்தாலி போகிறாளாம். அங்கே ஏதோ கிராமத்துப் பண்ணை வீட்டில் ஒரு வாரம் தங்கப் போகிறார்களாம்.

"தோட்டத்துலயே இருக்கறவங்க நீங்க. எந்த ஊடு நல்லாருக்கும்னு சொல்லுங்க்கா" என்று போனை நீட்டினாள்.

இரண்டு வீடுகள். ஒன்றில் நீச்சல் குளம். மற்றது கல் வீடு. ஜன்னலுக்கு வெளியே மாடுகள், அதற்கப்பால் மலைச்சரிவு முழுக்கத் திராட்சை. அதிலிருந்து என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

கல்யாணமாகி வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு ராத்திரி தங்கியதில்லை இவள். சாணி வாசத்துக்குத் தலை வலிக்குமாம். அந்த ஊர் மாட்டுச் சாணி மட்டும் மணக்குமோ?

"கல்லு ஊடு வேண்டாம் சாமி. மாடு கட்டற கட்டுத்தரைப் பக்கம் ராத்திரியெல்லாம் கொசு புடுங்கும்" என்றேன்.

"நல்லவேளை சொன்னீங்க்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அங்கேயே உட்கார்ந்து நீச்சல் குளத்து வீட்டைப் பதிவு செய்தாள். வழக்கம்போல் இருட்டுவதற்குள் காரேறிப் போய்விட்டாள்.

இத்தாலியில் கொசு இருக்கிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்த ஜன்னலோரம் நான் படுக்கப் போவதில்லை. அவளும் படுக்க வேண்டாம்.